பழைய விண்டோஸ் மென்பொருளுக்கு வைன் போதுமா, மெய்நிகர் கணினி வேண்டுமா?

கிடங்குக்கணக்கு:
1997இல் எழுதப்பட்ட இருப்புக் கணக்கு மென்பொருளை இன்றும் பயன்படுத்துகிறோம். எழுதிய நிறுவனமும் இல்லை, மூலநிரலும் இல்லை. மென்பொருள் 32 பிட் ஆனாலும் அதன் நிறுவி (மென்பொருளைக் கணினியில் ஏற்றும் நிரல்) இன்னும் பழைய 16 பிட் வகை என்பதால், 64 பிட் விண்டோஸ் அதைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடுகிறது. லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை விண்டோஸ் இல்லாமலே ஓட்டும் வைன் (Wine) வழியாக முதல் முயற்சியிலேயே நிறுவ முடிந்தது. இதற்காக ஒரு முழு விண்டோஸை மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வைத்துப் பேணுவது வீண் சுமை என்பது என் கருத்து.

தணிக்கைமேசை:
நிறுவ முடிவது வேறு, நம்பிக் கணக்கை ஒப்படைப்பது வேறு. வைன் விண்டோஸின் ஏபிஐகளை, அதாவது நிரல்கள் விண்டோஸிடம் வேலை கேட்கும் அழைப்புகளை, புதிதாக எழுதித் தருகிறது. 1993இல் தொடங்கிய அந்தப் பணி 1.0 பதிப்பை எட்டவே 2008 ஆயிற்று. எந்த அழைப்பு அரைகுறையாக நிற்கிறது என்பது அந்தப் பொத்தானை அழுத்தும்வரை தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் இறுதி அறிக்கையை ஓட்டிப் பார்த்தீர்களா? மெய்நிகர் கணினியில் ஓடுவது அசல் விண்டோஸ். அங்கே இந்த ஐயத்துக்கு இடமில்லை.

கிடங்குக்கணக்கு:
அந்த அசல் விண்டோஸ்தான் எனக்குக் கவலை தருகிறது. இத்தகைய பழைய மென்பொருளுக்காக அங்கே வைக்கும் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டது. வைனில் நிரலுக்கு அடியில் இருப்பது இன்றைய லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி).

தணிக்கைமேசை:
வைன் பாதுகாப்பு வேலி அல்ல. இயல்பமைப்பில் அது நிரலுக்குக் காட்டும் இசட் டிரைவ், உங்கள் கோப்பு முறைமையின் வேர் அடைவையே, அதாவது எல்லாக் கோப்புகளும் தொடங்கும் இடத்தையே, சுட்டுகிறது. நிரல் உங்கள் பயனர் உரிமையோடு அங்கே உலாவலாம். மெய்நிகர் கணினியின் வலையிணைப்பையோ ஒரே சொடுக்கில் துண்டித்துவிடலாம்.

தராசுவேலை:
இருவரும் சாதனங்களை மறந்துவிட்டீர்கள். எங்கள் எடைக்கருவி தொடர் துறை (serial port) என்ற பழைய வகைக் கம்பி இணைப்பில் பேசுகிறது. வைனில் நிரல் காம்1 என்ற முதல் தொடர் துறையைத் தேடியது. கருவியைக் கணினியோடு இணைத்த யூஎஸ்பி மாற்றியோ வேறோர் எண்ணில் அமர்ந்திருந்தது. வைன் தன் அமைப்புகளை வைத்திருக்கும் பதிவேட்டின் போர்ட்ஸ் பகுதியில் ஒரு வரி சேர்த்ததும் எடை திரையில் வந்தது. ஆனால் நகல்காப்பு டாங்கிள் (செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சிறு கருவி) தேவைப்பட்ட இன்னொரு மென்பொருள் கடைசிவரை திறக்கவில்லை, ஏனெனில் அந்த டாங்கிளை இயக்கும் டிரைவர் விண்டோஸ் கெர்னலுக்குள் அமர வேண்டியது. அதற்கு வைனில் வழி கிடைக்கவில்லை. அதை மட்டும் மெய்நிகர் கணினிக்கு மாற்றினோம்.

கிடங்குக்கணக்கு:
எங்களுடையதில் டாங்கிள் இல்லை, ஆகவே வைனிலேயே நிற்கிறேன். இசட் டிரைவை இன்றே நீக்கிவிட்டேன். இறுதி அறிக்கை பற்றிய கேள்வி நியாயமானது: சென்ற ஆண்டுத் தரவை வைனிலும் பழைய கணினியிலும் ஓட்டி, இரண்டு அறிக்கைகளையும் வரிக்கு வரி ஒப்பிடும்வரை பழைய கணினியை அகற்றப் போவதில்லை.