மோட்டார் சைக்கிளில் படிந்த கிரீஸையும் எண்ணெய் அழுக்கையும் வீட்டிலேயே நீக்குதல்: அனுபவப் பகிர்வு

பிறையிலிருந்து ஓர் உறுப்பினர்

பிறையில் குடியிருந்துகொண்டு பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு மோட்டாரில் வேலைக்குப் போய்வருகிறேன். 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டர் நீளத்தில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே செல்வதால், லாரிகள் கிளப்பும் தூசியோடு உப்புக் காற்றும் சேர்ந்து, இந்தப் பாதையில் ஓடும் கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார்களின் அடிப்பகுதி வெகு விரைவில் கறுத்துவிடுகிறது. 2019 சனவரி முதல் மோட்டாருக்குப் பாலக் கட்டணம் இல்லை என்பதால் இப்படிக் கடந்துபோகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

எண்ணெய்ப் பசை மட்டும் இருந்தால் பெரிய கேடு இல்லை. சங்கிலியிலிருந்து தெறிக்கும் எண்ணெயில் மணலும் தூசியும் ஒட்டிக்கொண்டு, இரும்பை அரைக்கும் பசையாக அது மாறும்போதுதான் பல்சக்கரமும் சங்கிலியும் தேயத் தொடங்குகின்றன. இதை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் இயந்திரத்தின் இடப்பக்கம் இருக்கும் முன் பல்சக்கர மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூடியின் உட்புறத்தில் கறுப்புப் பசை விரற்கடை அளவுக்கு அப்பியிருக்கும். அழுத்தினால் விரலின் பதிவு அப்படியே நிற்கும். இரண்டு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் மணல் நறநறக்கும். வெளியே பளபளவென்று கழுவி வைத்திருக்கும் மோட்டார்களிலும் இந்த இடம் பெரும்பாலும் தொடப்படாமலே கிடக்கிறது.

நான் கடைப்பிடிக்கும் முறை, எங்கள் வட்டாரத்தில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் சொல்லிக்கொடுத்தது. முதலில் இயந்திரம் நன்றாக ஆற வேண்டும். சூடான உலோகத்தில் சோப்பு நீர் உடனே காய்ந்து தழும்பாக நின்றுவிடும், கையும் சுட்டுக்கொள்ளும். பிறகு தடித்த பசையை மூங்கில் சிம்பாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ சுரண்டி எடுத்துச் செய்தித்தாளில் சேர்க்க வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு துளி நீர்கூடப் படக்கூடாது. அதற்குப் பின்தான் மண்ணெண்ணெய். ஒரு தகர டப்பாவில் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, பழைய பல்துலக்கும் தூரிகையைத் தோய்த்து, கீழிருந்து மேலாகத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டால், பசை தானாகவே இளகி வழியத் தொடங்கும். துணியால் துடைத்தெடுத்தால் போதும்.

அடுத்து வரும் சோப்பு விஷயத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தீபாவளிக் காலையில் தலையில் எண்ணெய் வைத்துவிட்டுச் சீயக்காயை எண்ணெய்மேலேயே அப்பித் தேய்த்து, பிறகு நீர் ஊற்றுகிறோம் அல்லவா, அதே ஒழுங்கைத்தான் இங்கும் பின்பற்ற வேண்டும். சோப்பின் மூலக்கூற்றில் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. எண்ணெயோடு அது கலப்பதற்கு முன்பே நீரைப் பாய்ச்சிவிட்டால், சோப்பு நீரோடு ஓடிவிடும், எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே உலர்ந்த பரப்பில் சோப்பைத் தடவித் தேய்த்து, அது பழுப்பு நிற நுரையாக மாறிய பின்னரே நீர் ஊற்ற வேண்டும்.

இப்படிச் சுத்தம் செய்வதில் எனக்குக் கிடைத்த பெரிய பயன், எண்ணெய்க் கசிவைக் கண்டுபிடித்ததுதான். கறுப்புப் பசை முழுவதும் சங்கிலி எண்ணெய் என்றே எண்ணியிருந்தேன். துடைத்துக் காயவைத்த பின், பட்டறை அண்ணன் சொன்னபடி முகப்பவுடரை அந்த இடத்தில் மெல்லத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோது, கியர் மிதியின் தண்டு வெளிவரும் இடத்தில் மட்டும் பவுடர் நனைந்து கறுத்திருந்தது. அங்கிருந்த ரப்பர் அடைப்பு வளையத்தை (சீல்) மாற்றிய பிறகு அந்தப் பக்கம் அழுக்குச் சேர்வதே குறைந்துவிட்டது. ஒரே இடம் கழுவக் கழுவ மீண்டும் கறுக்கிறது என்றால், தூரிகையை வைத்துவிட்டு முதலில் கசிவைத் தேடுங்கள்.

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து ஓர் உறுப்பினர்

பிறை நண்பர் மண்ணெண்ணெயைக் குறிப்பிட்டிருக்கிறார். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெட்ரோலைப் பயன்படுத்துகிறவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். கீழ்த்தள நடைபாதையில் ஓர் இளைஞர், வெட்டிய மினரல் வாட்டர் போத்தலில் பெட்ரோலை ஊற்றிவைத்துச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சில அடி தூரத்தில் அவருடைய தோழர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, முதலில் அந்த சிகரெட்டை அணைக்கச் சொல்லுங்கள்" என்றேன். "திறந்தவெளிதானே அங்கிள், காற்று அடித்துக்கொண்டு போய்விடும்" என்றார்.

காற்று அடித்துக்கொண்டு போவதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டிப் பரவி, சாக்கடைக்குள்ளும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேலே சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலோ பூச்சியத்திற்கும் வெகு கீழான குளிரிலேயே அந்த அளவுக்கு ஆவி விடக்கூடியது. நம் நாட்டு வெயிலில் எந்த நேரத்திலும் ஒரு தீப்பொறி போதும். மண்ணெண்ணெயையும் அடுப்பு, சூடான புகைக்குழாய் ஆகியவற்றுக்கு அருகே கொண்டுபோகக் கூடாது என்பது உண்மைதான்; ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மேலும், பெரிய மோட்டார்களில் வரும் ஓ-ரிங் சங்கிலிகளின் ரப்பர் வளையங்களைப் பெட்ரோல் கெடுத்துவிடும். அவற்றுக்குக் கம்பித் தூரிகையும் ஆகாது.

இதைவிடவும் முக்கியமாக நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. நடுத்தாங்கியில் நிறுத்தி, இயந்திரத்தை முடுக்கி, கியரில் போட்டு, சுழலும் சங்கிலியில் துணியைப் பிடிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓர் அக்காவின் மகனுக்குத் துணி பல்சக்கரத்தில் சிக்கி, அதோடு சுட்டுவிரலும் உள்ளே இழுக்கப்பட்டுவிட்டது. விரலின் நுனியை மருத்துவர்களால் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பிள்ளை தொழிற்கல்லூரியில் வெல்டிங் படித்துக்கொண்டிருந்தவன். சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றி, ஒவ்வொரு சாணாகச் சங்கிலியைத் துடைத்தால் கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகும். இயந்திரம் அணைந்திருக்க வேண்டும், சாவி சட்டைப்பையில் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

பாயான் பாருவிலிருந்து ஓர் உறுப்பினர்

மேலே சொன்ன இரண்டையும் ஏற்கிறேன். மோட்டாரைப் பழுதாக்கும் சுத்தம் குறித்து என் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

என் மைத்துனர் தம்முடைய ஹோண்டா ஈஎக்ஸ்5 வண்டியை ஒரு கழுவும் கடையில் கொடுத்தார். உயர் அழுத்தக் குழாயைச் சக்கரத்தின் அச்சுக்கு நேராகப் பிடித்து அடித்திருக்கிறார்கள். வெளியே ஒரு பொட்டு அழுக்கில்லை. ஆனால் சிறிது காலத்தில் பின்சக்கரத்திலிருந்து உறுமல் சத்தம் எழுந்தது. பிரித்துப் பார்த்தபோது பேரிங்கிற்குள் கிரீஸ் இல்லை, செம்மண் நிறத்தில் துருநீர்தான் இருந்தது. வெளியிலுள்ள கிரீஸை விரட்டும் நீர், உள்ளே இருக்க வேண்டிய கிரீஸையும் விரட்டிவிடும். சக்கர அச்சு, கைப்பிடித் தலைப்பகுதி, காற்று வடிகட்டி, புகைக்குழாயின் வாய், மின்கம்பி இணைப்புகள் ஆகியவற்றில் நேராக நீரைப் பாய்ச்ச வேண்டாம். வீட்டுத் தோட்டக் குழாயின் மென்மையான தூறலே போதும்.

அடுப்பங்கரையில் புகைபோக்கியின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்ற விற்கப்படும் கடுங்காரத் திரவத்தை மோட்டாருக்கு அடிக்கும் வழக்கமும் பரவி வருகிறது. இரும்புக்கு அது பெரிய தீங்கு செய்யாது. ஆனால் கப்சாயின் இயந்திர உறையும் ஸ்போர்ட் ரிம் எனப்படும் வார்ப்புச் சக்கரமும் அலுமினியம். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த திரவம் அலுமினியத்தை அரிக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் ரிம்மில் திரவம் வழிந்த தடங்கள் கண்ணீர்க் கோடுகள்போல வெளிறி நின்றுவிட்டன. எந்தப் பாலிஷும் அவற்றை மறைக்கவில்லை. புட்டியில் அலுமினியத்திற்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

சங்கிலிக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின்பக்க பிரேக் டிஸ்க்கை அட்டையால் மறைத்துவிடுவது நல்லது. டிஸ்க்கில் எண்ணெய் பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டும்; பிரேக் கட்டையே எண்ணெய் குடித்துவிட்டால் மாற்றுவதுதான் பாதுகாப்பு. கழுவி முடிந்ததும் சங்கிலியை உலரவிட்டு மீண்டும் எண்ணெயிட மறக்கக் கூடாது, ஏனெனில் மண்ணெண்ணெய் பட்ட சங்கிலி வெறும் இரும்பாக நிற்கும், நம் பினாங்குத் தீவின் உப்புக் காற்றில் மறுநாளே சிவக்கத் தொடங்கிவிடும். ஹோண்டாவின் பல கையேடுகள் இதற்கு எஸ்ஏஇ 80 அல்லது 90 கியர் எண்ணெயைப் பரிந்துரைக்கின்றன. சங்கிலியின் உட்புறத்தில் துளித்துளியாக விட்டு, மிகுதியைத் துடைத்துவிட்டால், அடுத்த முறை பல்சக்கர மூடிக்குள் சேரும் பசையும் குறையும்.

அழுக்கான மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதை மூடியுள்ள போத்தலில் ஊற்றிச் சில நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மெதுவாக வடித்து மீண்டும் பயன்படுத்தலாம். நம் நாட்டில் கழிவு மசகெண்ணெய் 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவாக, அதாவது தனியாகக் கையாள வேண்டிய ஆபத்தான கழிவாகக் கணக்கிடப்படுகிறது. பட்டறைகள் அதைத் தனிப்பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அடியில் தங்கிய கசடை அந்தப் பீப்பாயில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று நீங்கள் வழக்கமாக எண்ணெய் மாற்றும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். நான் போகும் இடத்தில் மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.