கலைச்சொல்: சிலுவையில் அறைவதா, ஏற்றுவதா?

அனைவருக்கும் வணக்கம்.

ரோமானியர் காலத் தண்டனைகளைப் பற்றி ஒரு தொல்லியல் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். ஆளைச் சிலுவையில் கொல்லும் தண்டனைக்குத் தமிழில் ஒரே சொல்லாக ஒரு பெயர் வேண்டும். ‘சிலுவையில் அறைதல்’ எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அறைதல் என்றால் ஆணி அடித்தல். கயிற்றால் கட்டித் தொங்கவிடப்பட்டவர்களும் உண்டே. ‘கட்டிவைத்து அறைந்தார்கள்’ என்று எழுதிப் பார்த்தேன். கன்னத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது.

‘சிலுவைத் தண்டனை’ என்று வைத்துக்கொள்ளலாமா? வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்.

* * *

தம்பிக்கு,

இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்? தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறி 300 ஆண்டு தாண்டிவிட்டது. ‘சிலுவையில் அறையப்பட்டு’ என்று ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையில் சொல்லுகிறோம். சின்னப் பிள்ளைக்கும் புரியும். இனிமேல் ‘சிலுவைத் தண்டனை’ என்று எழுதினால், பள்ளிக்கூடத்தில் முட்டிபோடச் சொன்ன மாதிரி லேசாகிவிடும்.

வேண்டுமானால் ஒன்று செய்யலாம். எங்கள் குமரி மாவட்டத்தில் குருசு என்ற சொல் உயிரோடு இருக்கிறது. ‘சிலுவை’ சிரியாக் மொழியின் ‘சிலீவா’விலிருந்து வந்தது, ‘குருசு’ போர்த்துக்கீசியர் கொடுத்தது. வழிபாட்டுக்குரியதைச் சிலுவை என்றும், ரோமானியரின் கொலைக்கருவியைக் குருசு என்றும் பிரித்துவிட்டால் என்ன?

* * *

ஐயா, தம்பி, இருவருக்கும் வணக்கம்.

குருசை விட்டுவிடலாம் ஐயா. உங்கள் ஊர்த் தெருமுனையில் இருக்கும் குருசடியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தானே கடலுக்குப் போகிறார்கள்? அந்தச் சொல்லைக் கொலைக்கருவிக்கு ஒதுக்கினால் முதலில் கோபப்படப்போவது உங்கள் ஊர்க்காரர்கள்தான்.

தம்பியின் சிக்கல் உண்மையானது. ‘அறைதல்’ ஒரு குறிப்பிட்ட செய்முறையைச் சொல்கிறது, தண்டனையைச் சொல்லவில்லை. கிமு 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைப் படை தோற்றபோது, பிடிபட்ட 6000 பேரை ரோமானியத் தளபதி கிராசஸ் கப்புவா நகரிலிருந்து ரோம் வரைக்கும் சாலையோரமாகக் கொன்றான். ஏறக்குறைய 200 கிலோமீட்டர்ச் சாலை. கணக்குப் போட்டால் முப்பது முப்பத்தைந்து மீட்டருக்கு ஒருவர், ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்த மின்கம்பத்துக்கும் உள்ள தூரம். இதை எழுதிவைத்த வரலாற்றாசிரியர் அப்பியன் பயன்படுத்தும் கிரேக்க வினைக்கு ‘தொங்கவிடப்பட்டனர்’ என்றுதான் பொருள். ஆணி பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாம் ‘6000 பேரைச் சிலுவையில் அறைந்தான்’ என்று எழுதும்போது, அவர் சொல்லாத ஆணிகளை நாமே அடிக்கிறோம்.

ஆணியே இல்லை என்றும் சொல்ல வரவில்லை. 1968இல் எருசலேமின் வடக்கே கிவாத் ஹமிவ்தாரில் ஓர் எலும்புப் பேழை கிடைத்தது. உள்ளே இருந்தவர் பெயர் யெகோகனான் என்று பேழையிலேயே கீறியிருந்தது. அவருடைய குதிகால் எலும்பில் 11.5 செ.மீ. ஆணி ஒன்று அப்படியே இருந்தது. முனை வளைந்துபோனதால் பிடுங்க முடியாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கையிலும் ஆணித் தடம் உண்டு என்று முதலில் எழுதினார்கள். 1985இல் எலும்புகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், கையில் அப்படி எதுவும் இல்லை, கயிற்றால் கட்டியிருக்கலாம் என்றார்கள். ஆக, காலில் ஆணி, கையில் கயிறு. ஒரே ஆளுக்கு அறைதலும் கட்டுதலும். 2017இல் இங்கிலாந்தின் ஃபென்ஸ்டன்டன் என்ற ஊரில் கிடைத்த எலும்புக்கூட்டிலும் வலது குதிகாலில்தான் ஆணி.

இத்தனை ஆயிரம் பேரைக் கொன்றும் எலும்புச் சான்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கிடைப்பதற்கு, பலருக்கு அடக்கமே நடக்காதது ஒரு காரணம். இன்னொன்று, ஆணிக்கு இருந்த மவுசு. விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குச் சிலுவை ஆணித் துண்டைக் கம்பளி நூலில் சுற்றிக் கழுத்தில் கட்டுவார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். தாயத்துதான்.

ஜப்பானுக்குப் போனால் ‘அறைதல்’ இன்னும் சங்கடம். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் 26 கிறிஸ்தவர்களைச் சிலுவையில் கட்டி ஈட்டியால் குத்தினார்கள். உயிர் போனது ஈட்டியால்.

என் பரிந்துரை: சிலுவையேற்றம். கழுவேற்றம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அதே அச்சில் வார்த்தது இது. இதற்கு லத்தீனிலேயே துணை உண்டு. ரோமானியர்கள் ‘சிலுவையில் தூக்கு’ என்றார்கள், ‘சிலுவைக்குச் செலுத்து’ என்றார்கள், ‘சிலுவை ஏறினான்’ என்றும் சொன்னார்கள். ‘பொருத்து’ என்ற வினையும் அவர்களிடம் உண்டு, ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் எதை வைத்துப் பொருத்துவது என்று அந்த வினை சொல்வதில்லை. ஆணியும் கயிறும் வேறுபடலாம். தூக்கி நிறுத்தி ஊருக்குக் காட்டுவது மட்டும் எல்லாவற்றிலும் உண்டு. ஆளைக் கொல்ல ஒரு வெட்டுப் போதும். சாலையோரத்தில் நாள்கணக்கில் உயரத்தில் வைத்தது பார்க்கிறவனுக்காக. ‘ஏற்று’ என்ற வினை அதைப் பிடித்துவிடுகிறது.

அப்புறம் உறுப்புகள். நிலத்தில் நட்டிருக்கும் கம்பத்துக்கு நிலைமரம், மேலே வரும் கட்டைக்குக் குறுக்குமரம். தண்டனைக்குரியவன் தோளில் சுமந்து போனது பெரும்பாலும் குறுக்குமரத்தை மட்டும். ‘குறுக்குமரத்தை ஊர் வழியே சுமக்கட்டும், பிறகு சிலுவையில் பொருத்தட்டும்’ என்று ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் நாடகத் துணுக்கு ஒன்று கிமு காலத்திலேயே சொல்கிறது. இதற்கு ‘நுகத்தடி’ என்று வைக்கலாமே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். அழகான சொல்தான், ஆனால் மாடு கூடவே வந்துவிடும்.

அன்புடன்.

* * *

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துக்காரி, ஆகவே ‘கழுவேற்றம்’ என்றவுடன் எனக்குக் காத்தவராயன் கூத்துத்தான் நினைவுக்கு வருகிறது. கடைசியில் காத்தவராயன் கழுமரம் ஏறும் கட்டத்துக்காகச் சனம் விடிய விடிய விழித்திருக்கும்.

எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

ஒன்று: ‘சிலுவையேற்றம்’ என்றால் கத்தோலிக்கரின் காதில் ‘விண்ணேற்றம்’ போல விழும். விண்ணேற்றம் கிறிஸ்து தாமாக ஏறிப்போனது, திருநாள். இதுவோ பிறர் பிடித்து ஏற்றியது. ஏறு, ஏற்று இரண்டுக்கும் ‘ஏற்றம்’ என்றே பெயர் வருவதால் வரும் குழப்பம் இது.

இரண்டு: கழுவும் சிலுவையும் வேறு வேறு என்று நீங்கள் சுலபமாகப் பிரித்துவிட்டீர்கள். பழைய நூல்கள் பிரிக்கின்றனவா? பழைய ஏற்பாட்டின் எஸ்தர் புத்தகத்தில் ஆமான் என்பவனைத் தூக்குகிறார்கள். எபிரேயத்தில் அது வெறும் ‘மரம்’. கிரேக்க மொழிபெயர்ப்பில் சிலுவைக்கு உரிய வினை. நம் தமிழ் வேதாகமத்தில் ‘ஐம்பது முழ உயரமான தூக்குமரம்’. ஒரே ஆள், ஒரே சாவு. எதை எழுதுவது?

* * *

அக்கா, இரண்டும் சரியான அடி.

முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். ‘ஏற்றல்’ என்று வைத்தால் பிறவினை தெளிவாகிவிடும். சிலுவையேற்றல், வினையாக ‘சிலுவையேற்றினர்’, ‘சிலுவையேற்றப்பட்டனர்’. என் பழைய சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

இரண்டாவது, நம் குறையே இல்லை. மூலத்திலேயே இருக்கிற குழப்பம். ரோமானியத் தத்துவஞானி செனெக்கா ஓரிடத்தில் எழுதுகிறார்: சிலுவைகளைக் காண்கிறேன், ஒரே வகையாக இல்லை, சிலர் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், சிலர் அந்தரங்க உறுப்பின் வழியே கழியைச் செலுத்தினார்கள், சிலர் கைகளைக் குறுக்குமரத்தில் விரித்தார்கள். நாம் கழு என்பதும் அவருக்குச் சிலுவைதான்! குன்னார் சாமுவேல்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் இந்தச் சொற்களை எல்லாம் வரிசையாகத் துருவி 2010இல் ஓர் ஆய்வேடு தந்தார். பழைய கிரேக்க, லத்தீன் நூல்களில் இவை பெரும்பாலும் ‘எதிலோ தொங்கவிடுதல்’ என்ற அளவுக்கே தெளிவு என்பது அவர் முடிவு. ‘இயேசு சிலுவையில் சாகவில்லையாம்’ என்று சில செய்தித்தாள்கள் அதைக் கிளப்பிவிட்டன. அவர் பேசியது சொல்லைப் பற்றி.

அதனால் மூன்றாவது சொல் ஒன்றும் தேவை. எப்படித் தொங்கவிட்டார்கள் என்று மூலம் சொல்லாதபோது எழுத, மரத்தூக்கு. ‘மரத்திலே தூக்கிக் கொலைசெய்த’ என்று அப்போஸ்தலர் நடபடிகளில் ஏற்கெனவே வருகிறது, எனவே காதுக்குப் புதிதில்லை. யூதாவின் லாகீசு நகர முற்றுகையைக் காட்டும் அசீரியச் சிற்பத்தில் கூர்மரத்தில் செருகப்பட்ட உடல்கள் கண்ணுக்கே தெரிகின்றன, அது கழுவேற்றல். யெகோகனான் சிலுவையேற்றல். ஆமான் மரத்தூக்கு. கிராசஸின் 6000 பேரைச் சிலுவையேற்றல் என்றே எழுதலாம், அந்தக் கால ரோமில் அடிமைகளுக்கு வழக்கமான சாவு அதுதான்.

அடிமைகளுக்கு என்பதைக் கட்டுரையில் அழுத்திச் சொல்லுங்கள் தம்பி. சிலுவை என்ற சொல்லே ரோமானியக் குடிமகனின் நினைப்பிலும் கண்ணிலும் காதிலும் படாமல் தூரப் போகட்டும் என்று ரோமானிய வழக்கறிஞர் சிசரோ நீதிமன்றத்தில் பேசினார். அத்தனை அசிங்கமான சொல். நாம் இன்று அதைத் தங்கத்தில் செய்து சங்கிலியில் மாட்டியிருக்கிறோம். ரோமின் பலத்தீன் குன்றில் 1857இல் ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்தது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், பக்கத்தில் கையுயர்த்தி ஒருவன், கீழே ‘அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்’. யாரோ ஒரு பையன் கூட இருந்தவனைக் கேலி செய்திருக்கிறான். சிலுவையேற்றலைக் காட்டும் மிகப் பழைய படங்களுள் ஒன்று இந்த நக்கல். வெகுசனப் பண்பாடு அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்பேன்.

கட்டுரையின் கடைசிப் பகுதி திரைப்படங்களைப் பற்றியது என்று தனிமடலில் சொல்லியிருந்தீர்கள். அதற்கும் ஒரு சொல் வேண்டியிருக்கும். 1960இல் வந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தில் நாயகன் சிலுவையில் முடிகிறான். வரலாற்றில் அவன் போர்க்களத்தில் விழுந்தவன், உடலே கிடைக்கவில்லை. 1979இன் ‘லைஃப் ஆஃப் பிரையன்’ சிலுவையில் தொங்குகிறவர்களைப் பாடவைத்தது. நார்வேயில் அதைத் தடைசெய்ததும், ‘நார்வே தடைசெய்யும் அளவுக்குச் சிரிப்பு’ என்று ஸ்வீடனில் விளம்பரம் போட்டார்கள். இவை நேரடிச் சிலுவை. மரமே இல்லாமல் உடலை மட்டும் அந்த வடிவில் வைப்பது இன்னொரு வகை. 1967இன் ‘கூல் ஹேண்ட் லூக்’ படத்தில் 50 முட்டை தின்று முடித்த கைதி மேசைமேல் கைவிரித்துக் கிடப்பான். ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில் சூப்பர்மேன் விண்கலத்திலிருந்து இரு கையும் விரித்தபடி மிதந்து வருவார். இதற்கு சிலுவைக்கோலம் என்று வைக்கலாம். மணக்கோலம், தவக்கோலம் போல.

ஒரு எச்சரிக்கை. கை விரித்தவரெல்லாம் சிலுவைக்கோலம் இல்லை. ஷாருக் கான் விரிப்பது காதலுக்கு. ரியோ நகரத்து மலையுச்சிச் சிலையில் இருப்பது அணைக்கிற கிறிஸ்து. தமிழில் கையை விரிப்பது கடன் கேட்டவனிடம். உயிரை விடுகிறவன் அல்லது விடத் துணிந்தவன் என்ற குறிப்பு காட்சியில் இருந்தால் மட்டுமே இந்தச் சொல்லைப் போடுங்கள்.

* * *

தம்பிக்கும் மற்றவர்களுக்கும்,

நான் இன்னும் ‘அறைதல்’ கட்சிதான். வேதாகமத்திலும் செபத்திலும் கைவைக்க மாட்டீர்கள் என்றால், வரலாற்றுக் கட்டுரைக்குச் ‘சிலுவையேற்றல்’ இருந்துவிட்டுப் போகட்டும். ஏற்றிய பிறகு ஆணி அடித்த இடத்தில் ‘அறைந்தனர்’ என்றே எழுதுங்கள்.

* * *

ஐயா, அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“சிலுவையேற்றப்பட்ட யெகோகனானின் குதிகாலை நிலைமரத்தில் ஆணியால் அறைந்திருக்கிறார்கள். கைகளைக் குறுக்குமரத்தோடு கயிற்றால் கட்டியிருக்கலாம்.”

ஐயாவின் ‘அறைதல்’ தன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. சாவைச் சீக்கிரம் வரவழைக்கக் கால் எலும்பை அடித்து உடைப்பார்களே, அதற்கு இப்போதைக்குக் ‘கால்முறிப்பு’ என்று போட்டிருக்கிறேன். எலும்பு மருத்துவமனைப் பலகை மாதிரி இருக்கிறது. வேறு கிடைக்குமா?