சபை மாறியதைக் கண்ணால் பார்த்த தருணம்: பெங்களூர்த் தமிழர் அனுபவங்கள்

ஹெண்ணூர் மருமகள்

அக்கா மகன் போகிற சபைக்கு எங்கள் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஹெண்ணூர் பக்கம் இப்போது நிறைய இருக்கிறதே, அந்த வகை: கறுப்புச் சுவர், டிரம்ஸ், திரையில் பாட்டு வரிகள். ஜீன்ஸ் போட்ட பாஸ்டர், ஐந்நூறு வருடத்துக்கு ஒருமுறை திருச்சபை தலைகீழாகப் புரளும் என்றார். 451இல் பிஷப்மார் கூடிய கல்செதோன் சங்கம், 1054இல் கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் பிரிந்தது, 1517இல் லூத்தரின் சீர்திருத்தம், அடுத்தது நாம். "நாம்" என்றதும் ஒரே கைதட்டல்.

அப்புறம் திருவிருந்து. உள்ளே வரும்போதே ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் கப் கொடுத்திருந்தார்கள். மேல் தாளைப் பிரித்தால் அப்பம், அடுத்த தாளைப் பிரித்தால் திராட்சரசம். பெரியம்மா பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஆயுசு முழுக்க முழங்காலில் நின்று குருவானவர் கையால் வாங்கியவர். அவருக்கு அந்தத் தாள் பிரிபடவே இல்லை. பக்கத்துப் பையன் பல்லால் கிழிக்கப் போனான். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "இதை யாரு ஆசீர்வதிச்சது?" என்று கேட்டார். பாட்டு நின்றிருந்த நேரம். நாலு வரிசை திரும்பியது. எனக்குப் பதில் தெரியவில்லை. கப்பைப் பிரிக்காமலே கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அது இன்னும் அவர் வீட்டு ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. குடிக்கவும் மனசில்லை, எறியவும் பயம்.

சபை மாறுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். நேரில் பார்த்த கதை இருந்தால் எழுதுங்களேன்.

பிளாக்பள்ளி பழைய பையன்

நான் ஆர்.சி., சிவாஜிநகர்ப் பக்கம். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன். சாமியார் "இன்ட்ரோயிபோ அத் ஆல்தாரே தேயி" என்றால், நாங்கள் "அத் தேயும் குயி" என்று தொடங்கி மூச்சு விடாமல் முடிப்போம். பொருள் யாருக்குத் தெரியும்? 1962 முதல் 1965 வரை ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்தது. 1963 டிசம்பரில் வந்த வழிபாட்டு ஏடு, மக்கள் மொழியில் பூசை வைக்கக் கதவைத் திறந்துவிட்டது. சாமியாரும் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது அவர் மூக்குக் கண்ணாடி சரிவதை முதல்முறையாகப் பார்த்துவிட்டு என் கூட்டாளி சிரித்தான். உபதேசியாரிடம் அடி வாங்கினான்.

ஆனால் என்னை அரிப்பது அது இல்லை. மக்கள் மொழி என்றார்கள் சரி, பெங்களூரில் எந்த மக்கள்? கண்டோன்மென்ட் முழுக்கத் தமிழர். ஊர்ப் பக்கமும் கிராமங்களிலும் கன்னடர். ஆங்கிலோ இந்தியர் தனி, கொங்கணிக்காரர் தனி. லத்தீன் எல்லோருக்கும் ஒரே அளவு புரியாமல் இருந்தவரை வம்பில்லை. கன்னடத்துக்கு முதலிடம் கேட்ட கோகாக் கிளர்ச்சி 1982இல். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன். தமிழ்ப் பூசையில் காணிக்கைப் பாட்டு எடுத்தோம். பின்னால் வந்து நின்ற இளைஞர்கள் கன்னடப் பாட்டை எடுத்தார்கள். நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம், அவர்களும் கூட்டினார்கள். ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். சாமியார் அப்பத்தட்டைத் தூக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நிற்கிறார். இரண்டு பாட்டும் மாதா பாட்டு. முடியும்வரை ஒருவரும் விடவில்லை.

சொந்த மண்ணில் சொந்த மொழியில் பூசை கேட்டவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக ஓடினார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஹட்சின்ஸ் ரோடு

பிளாக்பள்ளிக்காரர் சங்கத்தை மொழியோடு நிறுத்திவிட்டார். எங்கள் தெருவில் 1967இல் வந்த என்.பி.சி.எல்.சி., அதுதான் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம், அது என்ன ஆயிற்று? அதைத் தொடங்கிய அமலோர்பவதாஸ் சாமி நம் தமிழ்நாட்டுக்காரர்தான். தரையில் உட்கார்ந்து பூசை, கைகூப்பி வணக்கம், குத்துவிளக்கு, ஆரத்தி என்று பன்னிரண்டு மாற்றங்களுக்கு 1969இல் ரோம் அனுமதி கொடுத்தது.

நாகப்பட்டினத்து அத்தையை அங்கே ஒரு பூசைக்கு அழைத்துப் போனேன். ஆரத்தித் தட்டு வந்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நம்மள இந்துவாக்கிட்டானுவ" என்று வாசல்வரை முணுமுணுப்பு. இதே அத்தைதான் வேளாங்கண்ணிக்குக் காவிப் புடவை கட்டி நடந்து போவார், மொட்டை போடுவார், தேர் இழுப்பார். நான் சிரித்துவிட்டேன். அந்தக் கோபத்தில் என் வீட்டில் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

கே.ஜி.எஃப். பேத்தி

லத்தீன் போனது, ஆரத்தி வந்தது, இதெல்லாம் மேலே இருந்து கீழே அனுப்பிய மாற்றம். எங்கள் பக்கம் வேறு. 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. பிறந்தது. சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. பிஷப்மாரை வைத்திருந்த ஆங்கிலிக்கன் சபையும், பிஷப்பே வேண்டாம் என்றிருந்த மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளும் ஒரே சபையானது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. வெள்ளைக்காரன் ஊரில் அவர்களால் இன்றுவரை முடியவில்லை. சுரங்கத்தில் வேலை பார்த்த என் தாத்தா வெஸ்லியன். அவர் சாகும்வரை "நான் மெதடிஸ்டு" என்றுதான் சொன்னார் என்பது வேறு கதை.

என் கதை இது. கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பம் பெங்களூர் வந்தது. நாங்கள் சேர்ந்த சபைக்கு ஒரு பெண் குருவானவர் உதவிக்கு வந்தார். சி.எஸ்.ஐ. பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுக்கத் தொடங்கியது 1976இல், நந்தியாலில் பெண் பிஷப்பே 2013இல் வந்துவிட்டார். ஆகவே இது புதுசு ஒன்றும் இல்லை. அந்த ஞாயிறு திருவிருந்துப் பாத்திரம் அவர் கையில். என் மாமனார் வரிசையில் வந்து முழங்காலிட்டார். அவர் முறை வந்ததும் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து, மறுகோடியில் ஆண் குருவானவர் பக்கம் போய் மறுபடி முழங்காலிட்டார். முட்டி தேய்ந்தவர், அவ்வளவு தூரமும் நொண்டிக்கொண்டே. அந்த அம்மா முகத்தில் ஒன்றும் காட்டாமல் பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்துவிட்டு அடுத்து இருந்த எனக்குக் கொடுத்தார். நான் வாங்கினேன். வீட்டில் அன்று மதியம் யாரும் பேசவில்லை. கோழிக்குழம்பு அப்படியே இருந்தது.

லிங்கராஜபுரத்தான்

ஹெண்ணூர் அக்கா, அந்த பாஸ்டரின் ஐந்நூறு வருடக் கணக்கு ஐரோப்பாவின் கணக்கு. நானும் பெந்தெகொஸ்தேதான், இருந்தாலும் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கல்செதோனுக்கும் திருநெல்வேலிக்கும் என்ன சம்பந்தம்? நம் கணக்கு வேறு. 1706இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு இறங்கினார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. 1860இல் அருளப்பன் ஊழியத்தில் திருநெல்வேலியில் எழுப்புதல். ஜனங்கள் அழுது விழுந்ததையும் அந்நிய பாஷை பேசியதையும் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். 1905இல் புனேக்குப் பக்கத்தில் கேட்காவில் பண்டிதை ரமாபாயின் முக்தி மிஷனில் விதவைப் பெண்கள் நடுவே அதே அக்கினி. பெந்தெகொஸ்தே பிறந்த இடம் என்று சொல்கிற லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருக் கூட்டம் 1906. யார் முந்தி? அமெரிக்காவிலிருந்து வந்த மதம் என்று எங்களைச் சொல்கிறவர்கள் இந்த வருடங்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கட்டும்.

என் அனுபவம் சின்னது. அம்மா பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்ற அன்றே கம்மல், வளையல், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றினார். ஒருவரும் சொல்லவில்லை, தானாகவே. அப்பா சபைக்கு வராதவர், ஆனால் தடுக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம், அல்சூரில். வெள்ளைப் புடவை, மூளிக் காது. வாசலில் சந்தனக் கும்பாவோடு நின்ற கிழவி அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எப்ப போனாரும்மா?" என்று கேட்டாள். அப்பா பின்னாலேயே மொய்க் கவரைப் பிடித்தபடி நின்றார்.

அம்மா சிரித்தார். அப்பா அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்கும் அம்மாவோடு சேர்ந்து போனதில்லை. விசுவாசம் சரியா தவறா என்று இங்கே வாதம் வேண்டாம், அந்த வாசல் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

பேர் வேண்டாம்

எல்லா வருடத்தையும் போட்டீர்கள், 1833ஐ விட்டுவிட்டீர்கள். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று ஆணையிட்ட வருடம். தஞ்சாவூரில் என்ன ஆயிற்று? ஒரே பாயில் உட்கார மாட்டோம், ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டோம் என்று பெரிய கூட்டம் சபையை விட்டே வெளியே போனது. நாம் உருகிப் பாடும் வேதநாயக சாஸ்திரியாரும் இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம்தான். அருளப்பனைப் பற்றி எழுதும் கை இதை ஏன் எழுதுவதில்லை?

இப்போது நடந்தது. மகளுக்கு வரன் பார்க்க, இங்கே ஒரு சபை நடத்தும் திருமணத் தகவல் மேசைக்குப் போனேன். ஆராதனை முடிந்து கேக்கும் டீயும் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. படிவத்தில் சபை, வேலை, சம்பளம், அப்புறம் "பிரிவு". நான் அதைக் காலியாக விட்டேன். மேசையில் இருந்தவர் பேனா மூடியால் அந்தக் கட்டத்தைத் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை, தட்டினார். "கிறிஸ்தவர்" என்று எழுதினேன். படிவத்தை வாங்கி மேலே இருந்த கட்டில் வைக்காமல், கீழே தனியாக வைத்தார். அந்தக் கட்டு எவ்வளவு மெலிசாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அரசாங்கத்திடம் போனால் 1950 ஆணையைக் காட்டுவார்கள். கிறிஸ்தவன் என்றால் பட்டியல் சாதி இல்லையாம். சீக்கியருக்கு 1956இல், பௌத்தருக்கு 1990இல் திருத்தினார்கள், நமக்கு இல்லை. அங்கே போனால் நீ கிறிஸ்தவன், இங்கே வந்தால் பிரிவு என்ன? தலித் இறையியலுக்கு வித்திட்ட பேச்சை அரவிந்த் நிர்மல் 1981இல் பேசியது இதே பெங்களூர் யு.டி.சி. இறையியல் கல்லூரியில். அந்த மேசையிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான்.

லிங்கராஜபுரத்தான்

1833ஐ வேண்டுமென்று விடவில்லை அண்ணே. ஆனால் எங்கள் சபையில் பிரிவு கேட்பதில்லை.

பேர் வேண்டாம்

படிவத்தில் கேட்பதில்லை. "உங்களுக்கு ஊரு எது, எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். எனக்குத் தெரியும், உங்கள் சபையிலும் ஒரு வருடம் இருந்தேன்.

மர்ஃபி டவுன் தாத்தா

தம்பிமார் சண்டை போடாதீர்கள். என் அனுபவம் இரண்டே வரி. 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையில், என் சகலை இறந்தார். சபையை விட்டுப் போய் ஒரு சுயாதீன சபையில் முழுக்கு எடுத்தவர், அந்த பாஸ்டரும் ஆஸ்பத்திரியில். கல்லறையில் இடம் கேட்டு நின்றபோது, "மெம்பர்ஷிப் சீட்டு இருக்கா?" என்றார்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். யார் எந்தச் சபைக்குப் போனாலும் போங்கள், ஆனால் பழைய சபையில் சந்தாவை நிறுத்தாதீர்கள். கட்டி, ரசீதை வாங்கி, ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, குடும்ப அட்டை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஓசூர் ரோட்டில் குடும்பக் கல்லறை இருந்தால் அந்தச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிவரும், துபாயில் ஒருவர், கனடாவில் ஒருவர் என்றால் அவ்வளவுதான். அடுத்தது கல்யாணம். 1872ஆம் வருடத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம்தான் இன்றும் நடப்பில். பிஷப் கையால் குருப்பட்டம் பெற்றவரோ, அரசாங்க லைசென்ஸ் வைத்திருக்கிற போதகரோ, திருமணப் பதிவாளரோ நடத்திவைத்தால்தான் அந்தச் சட்டப்படி செல்லும். ஜீன்ஸ் பாஸ்டரோ கோட் பாஸ்டரோ, எனக்கு ஒன்றுதான். "ஐயா, லைசென்ஸ் எண் என்ன?" என்று மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். விசாவுக்குப் போகும்போது கேட்டால் பிரயோசனம் இல்லை. பேர் வேண்டாம் தம்பி, மகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பேர் வேண்டாம்

நான் லைசென்ஸ் பற்றிக் கேட்கவே இல்லையே ஐயா.

ஹெண்ணூர் மருமகள்

தாத்தா, சகலையை கடைசியில் எங்கே வைத்தீர்கள்?

மர்ஃபி டவுன் தாத்தா

என் பெயரில் இருந்த குழியில், அம்மா. என் அப்பாவுக்கு மேலே. இனி எனக்கு இடம் வேண்டுமென்றால் கமிட்டியில் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கமிட்டித் தேர்தல் கோர்ட்டில் இருக்கிறது.