பச்சைப்பால் ஒத்துக்கொள்கிறது, கடைப்பால் ஒத்துக்கொள்வதில்லை. ஏன்?

கேள்வி:
கடைப்பால் ஒரு டம்ளர் குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு பொருமுகிறது. கறந்த பாலைக் காய்ச்சாமல் குடித்தால் அந்தத் தொல்லை இல்லை. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கவைக்கும் லாக்டேஸ் என்ற என்சைம் பச்சைப்பாலிலேயே இருக்கிறது, காய்ச்சினால் அழிந்துவிடும் என்கிறார்களே, சரியா? முழுக்கப் பச்சைப்பாலுக்கு மாறலாமா?

பதில் 1:
சரியில்லை. லாக்டேஸ் நம் சிறுகுடலின் உட்சுவரில் உண்டாவது, மடியிலிருந்து வருவதல்ல. காய்ச்சினாலும் காய்ச்சாவிட்டாலும் 100 மில்லி பசும்பாலில் சுமார் 4.7 கிராம் லாக்டோஸ் உண்டு. 2014இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், லாக்டோஸ் செரிக்காத 16 பேருக்கு இரண்டு வகைப் பாலையும் கொடுத்து, செரிக்காத லாக்டோஸைக் குடல் பாக்டீரியா உடைக்கும்போது உண்டாகி மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் பச்சைப்பால் சுலபமாகச் செரித்ததாகத் தெரியவில்லை.

வித்தியாசம் பெரும்பாலும் குடிக்கும் விதத்தில் இருக்கும். கொழுப்பு எடுக்காத பால் இரைப்பையை விட்டு மெதுவாக இறங்கும். அளவு குறைந்தாலோ சாப்பாட்டோடு குடித்தாலோ பொருமலும் குறையும். சந்தேகம் தீர ஒரு சோதனை: வெறும் வயிற்றில் 250 மில்லி கடைப்பால், அதாவது 12 கிராம் லாக்டோஸ். மூன்று நாள் கழித்து அதே அளவு லாக்டோஸ் நீக்கிய பால். இது இயல்பாகவே கொஞ்சம் இனிக்கும். அதனால் சாதாரணப் பாலில் அரை ஸ்பூன் சர்க்கரை கலந்து, எது எது என்று சொல்லாமல் வேறொருவர் ஊற்றித் தரட்டும். லாக்டோஸ் நீக்கிய பால் மட்டும் ஒத்துக்கொண்டால் காரணம் லாக்டோஸ். இரண்டுமே தொல்லை தந்தால் வேறு காரணம் தேட வேண்டும். பால் குடித்ததும் உதடு வீங்குவது, தடிப்பு, இளைப்பு வருவது உண்டென்றால் அது புரத ஒவ்வாமை. அப்படியானால் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது, மருத்துவரிடம் போங்கள்.

பதில் 2:
மாறுவதைப் பற்றி: வேண்டாம். சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர், ஈ.கோலை ஓ157 போன்ற நோய்க்கிருமிகள் நல்ல ஆரோக்கியமான மாட்டின் சாணத்திலும் இருக்கலாம். மடியைக் கழுவினாலும் துளி ஒட்டினால் போதும். வாசனையிலோ ருசியிலோ தெரியாது. ஃப்ரிட்ஜ் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். லிஸ்டீரியா என்ற கிருமி அந்தக் குளிரிலும் பெருகும். ஓ157 குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யலாம். கர்ப்பிணிகளுக்கும் பச்சைப்பால் கூடவே கூடாது.

பதில் 3:
கறந்த பாலின் ருசிதான் வேண்டுமென்றால் வாங்கி வந்து நீங்களே சூடாக்குங்கள், கொதிக்கவிடாமல். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் பால் பாத்திரத்தை இறக்கி, அடிக்கடி கிளறி 63 டிகிரி செல்சியசுக்குக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து 30 நிமிடம் அது 63க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். பலர் தவறுவது நுரையில்: நுரை, பாலைவிடக் குளிர்ந்திருப்பதால் அதிலுள்ள கிருமி தப்பிவிடும். நுரையை வழித்தெடுத்துவிட்டு மூடி வையுங்கள். தெர்மாமீட்டரை முன்பே ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா பாருங்கள். முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்துக் கிளறி உடனே ஆறவிடுங்கள். சூட்டுக்குத் தப்பும் பாக்டீரியா வித்துகள், மெதுவாக ஆறும் பாலில் முளைத்துப் பெருகும்.

கொதிக்கும்போது வரும் காய்ச்சிய வாசனை இதில் வராது. ஃப்ரிட்ஜில் வைத்தால் ஏடு மேலே தனியாக ஒதுங்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. லாக்டேஸ் சொட்டு மருந்தை இந்தப் பாலில் எப்போது விடுவது?

பதில் 3:
முழுக்க ஆறிய பிறகு. சூட்டில் விட்டால் என்சைம் கெட்டுவிடும். லேபிளில் போட்ட அளவு விட்டுக் கலக்கி, ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் வையுங்கள். இனிப்பு கூடியிருந்தால் வேலை நடந்திருக்கிறது. தயிரும் ஒரு வழி: உறையிலுள்ள பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மீதியை உடைக்கும் என்சைமும் அதனோடு உள்ளே போகும். தயிரைக் கொதிக்கவைத்தால் அந்த உதவி போய்விடும்.