தற்காலிகப் பணியில் இருப்பவருக்கு முதல் வீட்டுக் கடன்: மே மாத ஊதிய இடைவெளியால் நின்றுபோன விண்ணப்பம், வழி சொல்லுங்கள்

கேட்பவர்: விரிவுரையாளர், மன்னார்குடி

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் உள்ள அரசுக் கல்லூரி ஒன்றில் ஏழு ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராகப் பணியாற்றுகிறேன். மாதம் 25,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 11 மாதம் தருகிறார்கள்; மே மாதத்துக்கு ஊதியம் இல்லை. ஜூனில் மீண்டும் பணி ஆணை வரும். என் கணவர் வாடகைக் கடையில் இருசக்கர வாகனங்களைப் பழுதுபார்க்கிறார். மன்னார்குடி நகராட்சி எல்லைக்குள், இரண்டு அறைகளும் பின்கட்டில் கிணறும் உள்ள ஒரு மெத்தை வீட்டை 24 லட்ச ரூபாய்க்குப் பேசியிருக்கிறோம். சேமிப்பும் நகையுமாக ஏழு லட்சம் வரை எங்களால் திரட்ட முடியும்.

கடனுக்காக ஒரு வங்கிக் கிளைக்குச் சென்றோம். அங்கிருந்த அலுவலர் என் கணக்கு அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, மூன்று ஆண்டுகளின் மே மாதங்களுக்கு நேரே பென்சிலால் வட்டமிட்டார். "உங்கள் பணி ஆணையில் 'முற்றிலும் தற்காலிகம்' என்று இருக்கிறது, ஆண்டுதோறும் ஒரு மாதம் வருமானமும் இல்லை, எனவே விண்ணப்பத்தை மேலே அனுப்ப இயலாது" என்று சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் ஏழு ஆண்டு உழைப்பை மூன்று வட்டங்களில் அடக்கிவிட்டது போல இருந்தது.

தற்காலிகப் பணியில் இருப்போருக்கு வங்கியில் வீட்டுக் கடன் கிடைக்க வழி உண்டா? வீட்டுவசதி நிதி நிறுவனம் ஒன்று உடனே தருவதாகச் சொல்கிறது, வட்டி மட்டும் 11 சதவீதம். அதை எடுத்துவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

அம்மா, மனம் தளராதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த அலுவலர் பார்த்தது உங்கள் ஊதிய இடைவெளியை மட்டும்தான். அதற்குப் பின்னால் இருக்கும் ஏழு ஆண்டுத் தொடர்ச்சியை அவர் முன் யாரும் எடுத்து வைக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டின் பணி ஆணையையும் வரிசையாக அடுக்கி, கல்லூரியிலிருந்து இன்ன தேதி முதல் இன்றுவரை பணியாற்றுகிறார் என்ற சான்றையும் வாங்கி மேலே வையுங்கள். ஒரே பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டிருந்தால், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கிளைகள் உண்டு. ஒரு கிளை மறுத்தது எல்லா வங்கிகளும் மறுத்ததாக ஆகாது.

மே மாதத்தை மறைக்க முயலாதீர்கள். நீங்களே கணக்கிட்டுக் காட்டுங்கள்: 25,000 வீதம் 11 மாதத்துக்கு 2,75,000, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 22,900 ரூபாய். "என் மாத வருமானம் 22,900 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விண்ணப்பதாரரே சொல்லும்போது, எதிரில் இருப்பவருக்கு அந்தக் காகிதத்தின் மேல் நம்பிக்கை வருகிறது.

அடுத்தது உங்கள் கணவரின் வருமானம். அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறாரா? நீங்கள் செய்கிறீர்களா? தவிர, இப்போது உங்களுக்கு வேறு தவணைகள் ஏதேனும் ஓடுகின்றனவா? இவற்றைத் தெரிந்துகொண்டால்தான் தொகையைச் சொல்ல முடியும்.

கேட்பவர்

ஐயா, மிக்க நன்றி. ஆடிட்டர் ஒருவர் சொன்னதால் கணவர் இரண்டு ஆண்டுகளாகத் தாக்கல் செய்கிறார். கடந்த ஆண்டு 2,16,000 ரூபாய் காட்டியிருக்கிறார். வரி வராது என்பதால் நான் தாக்கல் செய்யவில்லை. அவருடைய வண்டிக் கடனுக்கு மாதம் 3,200 ரூபாய் கட்டுகிறோம். இன்னும் ஒரு வருடத் தவணை இருக்கிறது.

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

அப்படியானால் கணக்கைப் பாருங்கள். உங்களுடையது 22,900, அவருடையது 18,000, ஆக மாதம் 40,900. இருவரும் சேர்ந்து விண்ணப்பியுங்கள். எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஒரு கிளை கருதுவதாக வைத்துக்கொண்டால், உங்களால் தாங்கக்கூடிய மொத்தத் தவணை சுமார் 18,400 ரூபாய். வண்டிக் கடனின் 3,200 போக மிஞ்சுவது 15,200. வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால், லட்சம் ரூபாய்க்கு மாதத் தவணை 868 ரூபாய் வரும். அந்தக் கணக்கில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பதினேழரை லட்சம்.

இப்போது வண்டிக் கடனை மட்டும் முழுதாக அடைத்துவிட்டதாக நினையுங்கள். அதே 18,400 ரூபாய்க்கு 21 லட்சம் வரை தகுதி வந்துவிடுகிறது. மீதமிருக்கும் முப்பதாயிரத்துச் சொச்சத்தைக் கட்டினால் மூன்றரை லட்சத்துக்கு மேல் தகுதி கூடுகிறது. என் பணிக்காலத்தில் இதைச் சொல்லி அனுப்பிய பலர் திரும்பி வந்து கடன் பெற்றிருக்கிறார்கள். அடைத்த கையோடு கடன் தீர்ந்த சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள்; வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள அடமானக் குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தர ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுக்கிறது. உங்கள் வீட்டுக்கு அந்த உச்சம் 21.6 லட்சம். ஆனால் பத்திரச் செலவு அதில் சேராது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 2,16,000 ரூபாய், உங்கள் கையிலிருந்துதான் போகும். பெண்கள் பெயரில் பதிவு செய்தால் 2025 ஏப்ரல் முதல் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறார்கள், ஆனால் அது 10 லட்சத்துக்குள் இருக்கும் சொத்துகளுக்கு மட்டுமே. எனவே 20 லட்சம் கடன் கேளுங்கள். நான்கு லட்சம் கைப்பணம், பத்திரச் செலவு இரண்டேகால் லட்சத்துக்குள், மீதியில் மதிப்பீட்டாளர், வக்கீல், வங்கிக் கட்டணங்கள் என்று ஏழு லட்சத்துக்குள் ஒருவாறு அடங்கிவிடும்.

நீங்களும் இந்த ஆண்டே கணக்கு தாக்கல் செய்யுங்கள். வரி இல்லாவிட்டாலும் செய்யலாம். தாமதமானால் டிசம்பர் 31 வரை வாய்ப்பு உண்டு. கணவரின் கடைக்கு, சிறு வணிகர்களுக்கான உத்தேச வருமான முறையில் எளிதாகத் தாக்கல் செய்வது போதும், ஆனால் உண்மையான வருமானத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடனுக்காக ஒரே ஆண்டில் வருமானத்தை இரட்டிப்பாக்கிக் காட்டும் கணக்குகளை நாங்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவோம்.

11 சதவீத வாய்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 20 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் மாதத் தவணை 17,356. 11 சதவீதத்தில் 20,644. மாதம் 3,288 ரூபாய் கூடுதல், 20 ஆண்டில் ஏறத்தாழ 7.9 லட்சம். உங்கள் வருமானத்தில் அந்தத் தவணை நீங்கள் தாங்கும் அளவையும் தாண்டிவிடுகிறது. வங்கிகளின் மிதக்கும் வட்டி, அதாவது அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி, 2019 அக்டோபர் முதல் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேறு வழியே இல்லையென்றால் மட்டும் அங்கே போங்கள். மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது என்பதால், பின்னாளில் வங்கிக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

மறுமொழி: செவிலியர், நாகப்பட்டினம்

நானும் ஒப்பந்தப் பணியில் இருந்துகொண்டுதான் கடன் வாங்கினேன், சகோதரி. எந்த வங்கிக்கும் போகும் முன் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும். என் அறிக்கையில், எப்போதோ தவணையில் வாங்கி அடைத்துவிட்ட குளிர்பதனப் பெட்டிக்கு 590 ரூபாய் பாக்கி என்று இருந்தது. தவணை ஒருமுறை திரும்பியதற்கான கட்டணமாம். அந்த 590 ரூபாயால் மதிப்பெண் 700-க்குக் கீழே இறங்கிக் கிடந்தது. கட்டிவிட்டுத் திருத்தம் கேட்டேன். திருத்தத்துக்கு 30 நாள் கெடு, தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று விதி இருக்கிறது. மகளிர் குழுக் கடன், பிறருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம்கூட அதில் வரும்.

மறுமொழி: நெல் கொள்முதல் நிலைய ஊழியர், நீடாமங்கலம்

நான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பணியாளர். குறுவை அறுவடையிலும் சம்பா அறுவடையிலும் இரவு பகல் பாராமல் வேலை இருக்கும். இடையில் மாதக்கணக்கில் வருமானம் இருக்காது. உங்கள் மே மாதத்தைப் போல எங்களுக்கு நான்கு மாதம். ஊதியம் வருகிற மாதங்களில் தனியொரு சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்து, வராத மாதத் தவணையை அதிலிருந்து கட்டுகிறேன். 17,356 ரூபாயைப் பதினொன்றால் வகுத்தால் மாதம் 1,600-க்குள் வருகிறது. அதை இப்போதே ஒதுக்கத் தொடங்குங்கள். மூன்று தவணைக்கான தொகை அந்தக் கணக்கில் நிற்பதைக் காட்டியபோதுதான் என் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். தவணைத் தேதியையும் மாதத் தொடக்கத்தில் வைக்காமல், ஊதியம் தாமதமானாலும் வந்து சேர்ந்துவிடும் ஒரு தேதியில் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி: வழக்கறிஞர், மயிலாடுதுறை

வருமானத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். டெல்டாவில் கடன் நிற்பதற்குப் பாதிக் காரணம் மண்ணில் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன். நம் ஊர்களில் பல தெருக்கள் கோயில் அல்லது ஆதீனத்தின் அடிமனையில் இருக்கின்றன. கட்டடம் விற்பவருடையதாக இருக்கும், மனை அவருடையதாக இருக்காது. கோயில் நிலத்தை விற்க அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். அடிமனை வீட்டுக்கு வங்கி கடன் தராது. முன்பணம் கொடுக்கும் முன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், 30 ஆண்டு வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் வாங்கிப் பாருங்கள். வீட்டுக்கு நகராட்சி அனுமதித்த வரைபடம் உண்டா என்றும் கேளுங்கள்.

விற்பவர், பத்திரத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்டால் சம்மதிக்காதீர்கள். அது சட்டப்படி தவறு. வங்கியும் பத்திரத் தொகையை வைத்தே கடனைக் குறைத்துவிடும். அந்த இடைவெளியை நிரப்ப உங்களிடம் பணம் இல்லை.

கேட்பவர்

ஐயா, பட்டா இன்னும் விற்பவரின் காலஞ்சென்ற தந்தை பெயரில்தான் இருக்கிறது. அடிமனை இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டோம். முன்பணமாக 50,000 கேட்கிறார்.

மறுமொழி: வழக்கறிஞர், மயிலாடுதுறை

வாரிசுச் சான்று பெற்று, எல்லா வாரிசுகள் பெயருக்கும் பட்டா மாறட்டும். கிரயத்தில் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். கடன் ஒப்புதலாகாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் குடும்ப ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குள் இருக்கிறது; குடும்பத்தில் யாருக்கும் இந்தியாவில் எங்கும் நிலையான வீடு இல்லையென்றால், பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0-இல் வட்டி மானியம் கேளுங்கள். 35 லட்சத்துக்குட்பட்ட வீடு, 25 லட்சத்துக்குட்பட்ட கடன் என்ற வரம்புக்குள், ஐந்து ஆண்டுத் தவணைகளாக 1.80 லட்சம் வரை கிடைக்கும். கையெழுத்திடும் முன், கடனின் வட்டியையும் கட்டணங்களையும் வங்கி எழுதித் தரும் முக்கிய விவர அறிக்கையை வாங்கிப் படியுங்கள். 2024 அக்டோபர் முதல் அது கட்டாயம். கடனோடு சேர்த்து ஒரே தவணைக் காப்பீட்டைத் திணித்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

கேட்பவர்: நான்கு மாதங்களுக்குப் பின்

உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வண்டிக் கடனை அடைத்தோம். என் அறிக்கையில் தவறு ஏதும் இல்லை. கணவருடையதில், அடைத்த நகைக் கடன் ஒன்று திறந்தே இருப்பதாகக் காட்டியது, திருத்திவிட்டார்கள். ஏழு பணி ஆணைகளையும் கல்லூரிச் சான்றையும் இந்த ஆண்டுக் கணக்குத் தாக்கலையும் எடுத்துக்கொண்டு வேறொரு வங்கிக்குச் சென்றோம். மே மாத இடைவெளியை நானே முதலில் சொல்லி, சராசரிக் கணக்கையும் தனிச் சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கையும் காட்டினேன். கடந்த வாரம் 19 லட்சத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் வந்தது. நாங்கள் கேட்டதைவிட ஒரு லட்சம் குறைவு. ஏழு லட்சத்துக்கு மேல் ஆகும் செலவுக்குக் கணவரின் அக்கா கொஞ்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வாரிசுகள் மூவரில் ஒருவர் திருப்பூரில் இருப்பதால் பட்டா மாறுதல் தாமதமாகிறது. அதுவரை முன்பணம் கொடுக்கவில்லை. வழக்கறிஞர் ஐயா சொன்ன அந்த வரியை ஒப்பந்த வரைவில் சேர்த்துவிட்டோம், விற்பவரும் ஒப்புக்கொண்டார்.