ஜாவா கடலில் காணாமல் போன விமானம்: மழை மேல் பழியைப் போட்டு முடித்துக்கொள்ளலாமா?

குடவாசல் டீச்சர் | 29 டிசம்பர் 2014

நேற்று காலை இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய ஏர் ஏசியா 8501 விமானம் இந்த நிமிடம் வரை கிடைக்கவில்லை. அதில் 162 பேர் இருக்கிறார்கள். 32,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானி, எதிரே மழைமேகம் இருப்பதால் இடப்பக்கம் விலகவும் 38,000 அடிக்கு ஏறவும் காலை 6.12 மணிக்குத் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் அனுமதி கேட்டார். விலகிக்கொள்ளச் சொன்னார்கள். மேலே வேறு விமானங்கள் இருந்ததால் ஏறுவதற்குச் சற்றுப் பொறுக்கச் சொன்னார்கள். பிறகு 34,000 அடிக்கு ஏறலாம் என்று கூப்பிட்டபோது பதில் வரவில்லை. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

எங்கள் தெருவுக்கு இது போதவில்லை. கடத்தல் என்கிறார் ஒருவர். சுட்டு வீழ்த்திவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். வேறு ஏதோ விபத்தில் எடுத்த படத்தை "இதுதான் அந்த விமானம்" என்று வாட்ஸ்அப்பில் படித்த பிள்ளைகளே அனுப்புகிறார்கள். மூன்று நாளைக்கு முன்புதான் சுனாமியின் பத்தாம் ஆண்டு நினைவுக்கு நாகையில் கூடி நின்றோம். 2004 டிசம்பர் 30 அன்று, உறவுகளை இன்னும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், மறுபடியும் அலை வருகிறது என்ற செய்தி கேட்டுக் கடற்கரையே மேற்கு நோக்கி ஓடியதை மறந்துவிட்டோமா? சுரபயா விமான நிலையத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நாம் அதையே செய்துகொண்டிருக்கிறோம். அதிகாரபூர்வமாகச் செய்தி வரும் வரை ஊகங்களை நிறுத்துங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

கூத்தாநல்லூரான் | 29 டிசம்பர் 2014

டீச்சர், அந்த 30ஆம் தேதி எச்சரிக்கையைத் தெருவில் போகிறவர் யாரும் கிளப்பவில்லை. மத்திய உள்துறை அமைச்சகமே விடுத்தது. அதிகாரபூர்வம் என்பதாலேயே ஒரு செய்தி சரியாகிவிடாது என்பதற்கு நீங்கள் சொன்ன உதாரணமே போதும்.

எங்களுக்கு இது வேடிக்கைச் செய்தி இல்லை. எங்கள் ஊரைச் சின்ன சிங்கப்பூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? பாட்டனார் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். இப்போது திருச்சியில் விமானம் ஏறுகிறோம். நேற்று டிவியில் "சிங்கப்பூர் விமானம் மாயம்" என்று ஓடியதும் அம்மா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ஆணத்தை அப்படியே விட்டுவிட்டு போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டார். சுரபயா எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அண்ணன் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கடையில்தான் நிற்கிறான் என்பது நன்றாகத் தெரியும். ஆனாலும் அவன் குரலைக் கேட்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 8ஆம் தேதி காணாமல் போன மலேசிய விமானத்தில் 239 பேர். அதிகாரிகள் நாளுக்கு ஒன்றாகப் பேசினார்கள். இனி நம்பிக்கை இல்லை என்ற செய்தி சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியாகப் போய்ச் சேர்ந்தது. சத்தம் போட்டுக் கேட்டதால்தான் அந்தக் குடும்பங்களுக்கு இவ்வளவாவது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

மன்னை உழவன் | 29 டிசம்பர் 2014

இருவருமே மழையை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். 2008இல் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறியபோது எங்கள் வயல் எது, ஆறு எது என்று தெரியவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. தரையில் காலூன்றி நிற்கும் மரத்துக்கே அந்தக் கதி என்றால் அந்தரத்தில் பறக்கும் விமானம் எம்மாத்திரம்?

விமானி மேகத்தைப் பார்த்தார், விலகக் கேட்டார், ஏறக் கேட்டார். ஒரு மனிதனால் முடிந்ததைச் செய்திருக்கிறார். நாளைக்கே அவர் மேல் பழி போடுவீர்கள். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள். இயற்கையின் சீற்றம் என்று ஏற்றுக்கொண்டு அஞ்சலி செலுத்துவதுதான் மரியாதை.

இறக்கை | 30 டிசம்பர் 2014

உழவன் ஐயா, சொந்த ஊர் வலங்கைமான். விமானப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்பதால் மட்டும் இதில் நுழைகிறேன்.

இடிமேகம் பொல்லாதது. பூமத்திய ரேகைப் பகுதியில் அது ஐம்பதாயிரம் அடி வரை கூட வளரும். அதன் மேல் ஏறிப் பறந்துவிட முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். விமானத்தின் மூக்கில் ரேடார் இருப்பதே அதற்குத்தான். உலகம் முழுவதும் தினமும் ஆயிரக்கணக்கான விமானங்கள் இப்படிச் சுற்றிப் போய்ப் பத்திரமாக இறங்குகின்றன. அதனால் ஒன்று விழுந்தால் "ஏன் இது மட்டும்?" என்று கேட்டே ஆக வேண்டும்.

2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தது, 228 பேர். அப்போதும் முதலில் புயல், மின்னல் என்றார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்த பிறகுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்ததால், விமானத்தைத் தானே ஓட்டும் தானியங்கி விலகிக்கொண்டது. அந்தக் குழப்பத்தில் விமானிகள் மூக்கை மேலே தூக்க, இறக்கை தாங்கும் விசையை இழந்து விமானம் அப்படியே இறங்கியது. மேகம் காரணம் என்று அதோடு கோப்பை மூடியிருந்தால் அந்தக் குழாயை உலகம் முழுவதும் மாற்றியிருக்க மாட்டார்கள். பயிற்சி முறையையும் திருத்தியிருக்க மாட்டார்கள்.

விசாரணை செய்வது விமானியைத் தூக்கில் போட அல்ல, ஐயா. அவர் நாற்காலியில் அடுத்து உட்காரப் போகிறவருக்காக.

அக்கரைப்பேட்டைத் தோழர் | 30 டிசம்பர் 2014

எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள். என் கேள்வியையும் கேளுங்கள். வாடை பிடித்தால் எங்கள் கடலும் அதே கடல்தான். காற்று திரும்பிக் கரைக்கு வராமல் போன பைபர் படகுகள் எத்தனை? அதற்கு இத்தனை நாட்டுக் கப்பல் வந்ததா? டிவிக்காரர் வந்தாரா? உள்ளூர்ப் பதிப்பில் நான்கு வரி வரும். சக மீனவர்கள் டீசலுக்குக் காசு திரட்டித் தேடப் போவார்கள். அவ்வளவுதான்.

செத்த உயிருக்காக அழ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் வாங்கிப் போனவனுக்கு ஒரு நியாயம், வலை எடுத்துப் போனவனுக்கு ஒரு நியாயம் ஏன் என்று கேட்கிறேன்.

குடவாசல் டீச்சர் | 30 டிசம்பர் 2014, இரவு

தோழர், உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் விமானத்தில் போகிறவர்களையும் வலை எடுத்துப் போகிறவர்களையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானத்தில் சென்னையிலிருந்து போன ஒரு பெண்மணி இருந்தார். சிறு மீனவர்களின் உரிமைக்காகப் பல ஆண்டு உழைத்தவர். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கூட்டத்துக்காக மங்கோலியா போய்க்கொண்டிருந்தார். உங்களுக்காகப் பேசப் போனவரும் அந்த 239 பேரில் ஒருவர்.

இன்று ஜாவா கடலில் சிதைவுகள் கிடைத்துவிட்டன. இந்தோனேசியத் தொலைக்காட்சி ஒன்று மிதந்துகொண்டிருந்த உடலை மறைக்காமல் நேரலையில் காட்டியிருக்கிறது. சுரபயாவில் காத்திருந்த குடும்பங்கள் அதைத் திரையில் பார்த்தன. மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிப் போயிருக்கிறார்கள். கூத்தாநல்லூர் தம்பி, கேள்வி கேட்கும் உரிமை என்கிறீர்களே, இதுவும் அதில் சேர்ந்ததா?

கூத்தாநல்லூரான் | 30 டிசம்பர் 2014, இரவு

இல்லை. அது கேள்வி இல்லை அக்கா, கொடுமை. ஒரு தாய் தன் பிள்ளையை அப்படிப் பார்க்கக் கூடாது. அதைக் காட்டியவர்களை நானும் கண்டிக்கிறேன். அதற்காக "விமானம் ஏன் விழுந்தது" என்று கேட்கிறவன் வாயையும் சேர்த்து அடைக்காதீர்கள். இரண்டும் வேறு.

மன்னை உழவன் | 6 ஜனவரி 2015

இந்தோனேசிய வானிலைத் துறையின் அறிக்கையைப் படித்தீர்களா? மேகத்துக்குள் உறைபனி பிடித்து இயந்திரம் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். நான் சொன்னதைத்தான் அந்நாட்டு அரசுத் துறையே சொல்கிறது.

இறக்கை | 6 ஜனவரி 2015

அது மேகத்தைப் பற்றிய அறிக்கை, ஐயா. விமானத்தைப் பற்றியது அல்ல. கறுப்புப் பெட்டி இன்னும் கடலுக்குள் கிடக்கிறது. மேகத்தைப் பார்த்து மட்டும் காரணம் சொன்னால் காரணமும் மேகமாகத்தான் இருக்கும்.

அக்கரைப்பேட்டைத் தோழர் | 31 ஜனவரி 2015

நேற்று முன்தினம் மலேசிய அரசு அந்த மார்ச் மாத விமானத்தை விபத்து என்றும், 239 பேரும் இறந்ததாகக் கருதப்படுவர் என்றும் அறிவித்துவிட்டது. குடும்பங்கள் இழப்பீடு கேட்க வழி திறக்கும் என்கிறார்கள். ஓராண்டு கூட ஆகவில்லை. விமானமும் கிடைக்கவில்லை.

எங்கள் பெண்களுக்கு என்ன சட்டம் தெரியுமா? இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. உடல் கிடைக்காவிட்டால் ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இறந்ததாகக் கொள்ளலாம். சுனாமி போன்ற பேரிடருக்கு விதிவிலக்குக் கொடுத்தார்கள். ஒற்றைப் படகு போனால் கொடுப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் இறப்புச் சான்றிதழ் இல்லாமல் விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. ரேஷன் அட்டையில் புருஷன் பெயர் இன்னும் இருக்கிறது. பொட்டு வைப்பதா, அழிப்பதா என்று மாமியாரும் அவளும் பேசிக்கொள்வதில்லை. கடன் கொடுத்தவன் மட்டும் அவன் செத்துவிட்டான் என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட்டான்.

மன்னை உழவன் | 31 ஜனவரி 2015

இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை, தோழர். இது அநியாயம்.

அக்கரைப்பேட்டைத் தோழர் | 14 ஜூலை 2015

ஜூன் 8 இரவு கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் நம் காரைக்கால் கடலுக்கு மேலே ரோந்து போனபோது காணாமல் போனது. மூன்று பேர். ஒரு மாதத்துக்கு மேல் தேடினார்கள். கறுப்புப் பெட்டியோடு இருக்கும் கருவி எழுப்பிய ஒலியைக் கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கி பிடித்தது. அதை வைத்துச் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து பெட்டியை எடுத்திருக்கிறார்கள்.

தேடினால் கிடைக்கிறது. எனக்கு இதில் கோபம் இல்லை. அந்த மூன்று பேரும் எங்களைக் காப்பாற்ற இரவு பகலாகப் பறந்தவர்கள். நான் கேட்பது, கத்துகிற கருவி ஒன்று எங்கள் பைபர் படகிலும் இருக்கட்டும் என்பதைத்தான். இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் காவல்படைக்குத் தகவல் போகும். சில விசைப்படகில் உண்டு. சின்னப் படகுக்காரன் கைக்கு வரவில்லை.

இறக்கை | 20 டிசம்பர் 2015

8501 விமானத்தின் இறுதி அறிக்கை டிசம்பர் 1 அன்று வந்துவிட்டது. அன்று சென்னை வெள்ளத்தில் கிடந்ததால் இங்கே பலர் கண்ணில் பட்டிருக்காது.

வால்பகுதிச் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையில் ஒரு சால்டர் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. பழுதுபார்க்கும் கடையில் ரேடியோவைத் திறந்தால் ஈயப்பற்று வைத்த புள்ளிகள் தெரியுமே, அப்படி ஒரு புள்ளி. அதற்கு முந்தைய 12 மாதங்களில் இதே கோளாறு 23 முறை பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ செய்து அனுப்பியிருக்கிறார்கள். அன்று எச்சரிக்கை நான்கு முறை வந்தது. நான்காவது முறைக்குப் பிறகு மின்சுற்றையே துண்டித்துப் போட்டதில் தானியங்கி விலகியது. விமானம் இடப்பக்கம் 54 பாகை சாய்ந்தது. பிறகு மூக்கு மேலே போனது, தாங்குவிசை போனது, கடைசி வரை மீட்க முடியவில்லை. வானிலை காரணம் இல்லை என்று அறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

மன்னை உழவன் | 20 டிசம்பர் 2015

படித்தேன். இருந்தாலும் ஒன்று சொல்வேன். பளிச்சென்ற வானத்தில், கண்ணுக்குத் தொடுவானம் தெரிகிற நேரத்தில் இதே கோளாறு வந்திருந்தால் அந்த விமானிகள் சமாளித்திருப்பார்கள் என்று என் மனம் சொல்கிறது. மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

கூத்தாநல்லூரான் | 20 டிசம்பர் 2015

விமானியை ஏற்ற வேண்டாம், ஐயா. 23 முறை வந்த கோளாறை 23 முறையும் அப்படியே அனுப்பிய முறையை ஏற்றுங்கள். போன வருடம் நாம் எல்லாரும் மழை என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருந்தால் அப்படி ஒரு பலகை இன்னொரு விமானத்தில் எங்கள் அண்ணனைச் சுமந்துகொண்டு பறந்திருக்கும்.

குடவாசல் டீச்சர் | 21 டிசம்பர் 2015

இந்தக் காரணத்தை முதல் நாளில் ஊகித்தவர் ஒருவர் கூட இல்லை, தம்பி. கடத்தல் என்றார்கள், சுட்டுவிட்டார்கள் என்றார்கள். ஓராண்டு பொறுமையாக வேலை செய்தவர்கள்தான் அந்த விரிசலைக் கண்டுபிடித்தார்கள். வாட்ஸ்அப் கண்டுபிடிக்கவில்லை.

அக்கரைப்பேட்டைத் தோழர் | 21 டிசம்பர் 2015

அந்த ஓராண்டு வேலைக்குச் சம்பளம் கொடுத்து, கப்பல் அனுப்பி, அறிக்கை போட வைத்தது எது டீச்சர்? உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு படகு வராமல் போனால் "கடல் சீற்றம்" என்று எழுதிக் கோப்பை மூடுகிறார்கள். எஞ்சின் பழுதா, எச்சரிக்கை நேரத்துக்கு வந்ததா, புயல் கூண்டு ஏற்றும் முன்பே படகு போய்விட்டதா, கப்பல் இடித்ததா, யாரும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாகை மீன்பிடித் துறைமுகத்தில் கையெழுத்து வாங்குகிறோம். கோரிக்கை மூன்று: சின்னப் படகுக்கும் அபாய அறிவிப்புக் கருவி, காணாமல் போகும் ஒவ்வொரு படகுக்கும் எழுத்துபூர்வமான விசாரணை, ஏழு ஆண்டுக் காத்திருப்புக்கு முடிவு. கூத்தாநல்லூர் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார். டீச்சர் மனுவை எழுதித் தர வேண்டும். உழவன் ஐயா, நீங்களும் வாருங்கள். மழையைப் பற்றி வழியில் பேசிக்கொள்ளலாம்.