நாலு வருடம் பத்து மாதம்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்தேன். 2018-இல் வேலையை விட்டபோது நாலு வருடம் பத்து மாதம் ஆகியிருந்தது. எச்.ஆரில், அதாவது பணியாளர் பிரிவில், ஃபுல் அண்ட் ஃபைனல் எனும் கடைசிக் கணக்குத் தாளை நீட்டினார்கள். மீதி விடுப்புக்கான சம்பளம் எல்லாம் சரி. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்ற இடத்தில் மட்டும் தொகை இல்லை, ஒரு கோடு. "அஞ்சு வருஷம் முடியலையே சார்" என்றார் அலுவலர். தாளின் அடியில், 'இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்று அச்சாகியிருந்தது.

கையெழுத்துப் போட்டால்தான் ரிலீவிங் லெட்டர். புது வேலையில் சேர மூன்று நாள்தான் இருந்தது. போட்டேன். பக்கத்திலேயே பேனாவால் 'கிராஜுவிட்டி நீங்கலாக' என்று எழுதினேன். அப்படி எழுதச் சொன்னவர் யூனியனில் இருந்த ஓர் அண்ணன். வாரம் ஆறு நாள் வேலை என்றால், ஐந்தாம் வருடத்தில் 240 நாள் பார்த்திருந்தாலே அது முழு வருடக் கணக்கு. சென்னை உயர் நீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்றார். அடிப்படைச் சம்பளமும் டி.ஏ. என்ற அகவிலைப்படியும் சேர்த்து எனக்கு மாதம் 26,000. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 15,000. ஐந்து வருடத்துக்கு 75,000!

பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்பினேன். 30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுத்தேன். முதல் விசாரணைக்கு முன்பே காசோலை வந்துவிட்டது. அந்த அலுவலருக்குச் சட்டம் தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

* * *

பதினொரு வருடமாக எச்.ஆரில் இருக்கிறேன். அந்த அலுவலருக்குச் சட்டம் தெரியாதா என்று கேட்டீர்களே, பெரும்பாலும் தெரியும் சார். நானே ஒருவருக்குக் கிராஜுவிட்டி இடத்தில் அதே போல ஒரு கோடு போட்டிருக்கிறேன். "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார் முதலாளி. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றும் உறுத்துகிறது. அப்புறம் வழியை மாற்றிக்கொண்டேன். சட்டப்பிரிவைச் சொன்னால் காதில் வாங்க மாட்டார். தாமதமானால் வருடத்துக்கு 10 சதவீத வட்டி என்று தொகையைப் போட்டு முன்னால் வைத்தால் உடனே கையெழுத்தாகிறது.

* * *

மேலே இருவரும் சொன்னதோடு நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். பணியில் இருக்கும்போது இறந்துவிட்டால் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருட நிபந்தனையே கிடையாது. என் தம்பி வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே விபத்தில் போய்விட்டான். எங்களுக்கு எதுவும் தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவன் கம்பெனி எச்.ஆர். அம்மாவே படிவங்களோடு வீட்டுக்கு வந்தார். அவன் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்.